மூளைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, மனித மூளையைப் படம்பிடித்து அறிதிறனை ஆராயும் ஆய்வகங்களுக்கு போஸ்ட்டாக் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர்களே,

மானேசரிலும் நிம்ஹான்ஸிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே லைப்ஸிக்கிலோ செயின்ட் லூயிஸிலோ போய்ச் சேர்ந்து முதல் குளிர்காலத்தைக் கடந்துகொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: எந்த ஆய்வகத்துக்குப் போகலாம்? பெயர் பெற்ற பேராசிரியரா, புதிய எந்திரம் வாங்கிய பல்கலைக்கழகமா, கட்டுரைகள் வேகமாக வெளிவரும் இடமா என்று பட்டியலும் போட்டு வைத்திருப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். போதிய அறிவோடும் மூலத் தரவுக்கு மிக அருகிலும் ஓர் ஆய்வாளர் இருக்கும் காலம் போஸ்ட்டாக் ஆண்டுகள்தான். முனைவர் ஆய்வின் தொடக்கத்தில் தரவு கையில் இருக்கும். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. ஆய்வகத் தலைவரான பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். தரவுக் கோப்பைத் திறக்க நேரம் இருக்காது. நிதி விண்ணப்பமும் கமிட்டியும் பாடவேளையும் நாளைத் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில ஆண்டுகளை வண்ணப் படம் தயாரிப்பதிலேயே கரைத்துவிடாதீர்கள். கிடைத்த சமிக்ஞையைச் சந்தேகிக்க உங்களுக்கு இடம் தருகிற, அந்தச் சமிக்ஞையைத் தந்த மனிதரைக் கவனிக்க நேரம் தருகிற ஆய்வகமாகத் தேடிப் போங்கள்.

எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பார்ப்பதில்லை என்பதை முதல் செமஸ்டரிலேயே படித்திருப்பீர்கள். முதல் செமஸ்டரில் படித்ததால்தான் அது மறந்தும் போகிறது. ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படும், ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஈர்க்கப்படாது என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936இல் காட்டினார்கள். அந்த வேறுபாட்டை எலிகளின் மூளைப் படத்தில் பெல் ஆய்வகத்தின் செய்ஜி ஒகாவா 1990இல் கண்டார். இரண்டே ஆண்டுகளில் மனித மூளை பற்றிய முதல் கட்டுரைகள் வந்தன. அன்று முதல் இன்று வரை நாம் பார்ப்பது ரத்த ஓட்டத்தைத்தான். வாய்க்காலில் தண்ணீர் கூடுவதைப் பார்த்து எந்த வயலில் வேலை நடக்கிறது என்று கணிக்கிறோம். நரம்பணு துடிப்பது மில்லி விநாடிகளில். ரத்த ஓட்டம் உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடிகள் ஆகும். மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு வாக்ஸலுக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் இருக்கின்றன. நாம் தேடும் மாற்றம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான். உள்ளே படுத்திருப்பவர் ஆழமாக மூச்சிழுத்தாலும், தலையைச் சற்றே அசைத்தாலும் அதே அளவு மாற்றம் வந்துவிடும்.

இப்படிப்பட்ட சமிக்ஞையோடு வேலை செய்பவருக்குத் தேவையான குணம் எது என்று கேட்டால், பரத் பிஸ்வாலின் கதையைத்தான் சொல்வேன். 1990களின் முற்பகுதியில் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் அவர் முனைவர் ஆய்வு மாணவர். எஃப்.எம்.ஆர்.ஐ. தரவில் கலந்துவரும் இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். எந்த வேலையும் கொடுக்காமல் ஆட்களை எந்திரத்துக்குள் சும்மா படுக்க வைத்துப் படமெடுத்தார். இடது கையை இயக்கும் மூளைப் பகுதியிலும் வலது கையை இயக்கும் பகுதியிலும் அந்த ‘இரைச்சல்’ ஒரே தாளத்தில் மெதுவாக ஏறி இறங்குவது கண்ணில் பட்டது. கை எதுவும் அசையவில்லை. வடிகட்டித் தூர எறிவதற்காக எடுத்த பகுதியில்தான் இந்த ஒழுங்கு இருந்தது. 1995இல் அது கட்டுரையாக வந்தபோது பலர் நம்பவில்லை; மூச்சும் இதயத்துடிப்பும் செய்யும் வேலையாக இருக்கும் என்றார்கள். அந்தச் சந்தேகமும் நியாயமானதே. அதைத் தீர்க்கவே பலருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ. இல்லாத பெரிய மூளைத் தரவுத்தொகுப்பே அரிது. 2025இல் ஒரு லட்சம் பேரைப் படமெடுத்து முடித்த பிரிட்டனின் யூகே பயோபேங்க்கிலும் ஒவ்வொருவரும் ஆறு நிமிடம் சும்மா படுத்திருக்கிறார்கள்.

இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டதை ஒரு மாணவர் உட்கார்ந்து பார்த்தார் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். இன்று தரவு எந்திரத்திலிருந்து இறங்கியதும் பைப்லைனுக்குள் போய்விடுகிறது; மறுநாள் காலையில் வண்ணப் பொட்டுகள் வைத்த மூளை மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. இடையில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரின் மூலப் படத்தையும், ஒவ்வொரு தலையசைவு வரைபடத்தையும் கண்ணால் பார்க்கும் பழக்கம் உள்ள ஆய்வகமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். அதற்கெல்லாம் நேரமில்லை என்று பதில் வந்தால், வேறு எந்தக் கேள்விக்கு நல்ல பதில் வந்தாலும் நான் அங்கே போக மாட்டேன்.

நம் துறை தன்னைத் திருத்திக்கொண்ட தருணங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இளையவர்கள்தான் முன்னே நிற்கிறார்கள். செத்துப்போன சால்மன் மீனை எந்திரத்துக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் ‘காட்டி’, அதன் மூளையில் ‘செயல்பாடு’ கண்ட ஆய்வு உங்களுக்குத் தெரியும். 2009இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அதை வைத்தபோது கிரெய்க் பென்னட் ஒரு போஸ்ட்டாக். பல்லாயிரம் வாக்ஸல்களைத் தனித்தனியே சோதித்துவிட்டு, அத்தனை சோதனைகளுக்கும் சேர்த்துப் புள்ளியியல் திருத்தம் செய்யாமல் விட்டால் செத்த மீனும் சிந்திக்கும் என்று எவரும் மறக்க முடியாதபடி காட்டினார். அதே ஆண்டில், ஆளுமைக்கும் மூளைச் செயல்பாட்டுக்கும் நம்ப முடியாத அளவு உயர்ந்த தொடர்பெண்களைச் சொன்ன கட்டுரைகளைக் கேள்விக்குள்ளாக்கிய எட்வர்ட் வுல், எம்.ஐ.டி.யில் முனைவர் ஆய்வு மாணவராக அந்த வேலையைத் தொடங்கியவர்.

இவர்களைவிட எனக்கு அதிகம் பிடித்தது செயின்ட் லூயிஸில் நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, குழந்தை வளர வளர மூளையின் அருகருகான இணைப்புகள் தளர்ந்து தொலைதூர இணைப்புகள் வலுக்கின்றன என்று கண்டு சொல்லிப் பெயர் பெற்றிருந்தது. அதே குழுவில் மாணவராக இருந்த ஜொனதன் பவர், மில்லிமீட்டரில் சிறு பங்கு தலை அசைந்தாலே கிட்டத்து இணைப்புகள் வலுவாகவும் தூரத்து இணைப்புகள் பலவீனமாகவும் தோன்றும் என்று கண்டுபிடித்தார். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். அப்படியானால் அந்தப் புகழ்பெற்ற முடிவில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு அசைவு? ஆய்வகத் தலைவர்கள் அவரைத் தடுக்கவில்லை. தங்கள் பெயரையும் சேர்த்து 2012இல் அந்தக் கட்டுரையை வெளியிட்டார்கள். தன் சொந்த முடிவைத் தன் மாணவர் ஆட்டிவைக்கும்போது கூட நிற்கிற ஆய்வகத் தலைவர் கிடைப்பது பெரும் பேறு. அப்படி ஒருவர் கிடைத்தால் எந்திரம் பழையதாக இருந்தாலும் ஊர் சிறியதாக இருந்தாலும் போய்விடுங்கள்.

2016இல் ஆண்டர்ஸ் எக்லுண்டும் சக ஆய்வாளர்களும், நாம் எல்லோரும் பயன்படுத்திய மென்பொருள்களின் குறிப்பிட்ட ஒரு கணக்குமுறை, ஐந்து சதவீதம் இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்புகளைச் சில அமைப்புகளில் எழுபது சதவீதம் வரை தரும் என்று காட்டினார்கள். 2020இல் ஒரே தரவை எழுபது குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்ன ஆய்வு வெளிவந்தது. எந்த இரண்டு குழுவும் ஒரே மாதிரி பகுப்பாய்வு செய்யவில்லை. பல கருதுகோள்களில் முடிவும் ஒத்துப்போகவில்லை. அதன் முதல் ஆசிரியர் ரோட்டம் போட்வினிக்-நெஸர் டெல் அவீவில் முனைவர் ஆய்வின்போது தொடங்கிய வேலை அது. இதையெல்லாம் படித்துவிட்டு, இந்தத் துறையே பொய் என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். தன் கருவியை இத்தனை கடுமையாகச் சோதித்து, சோதித்ததைப் பொதுவில் வைத்த துறை இது. அந்த மரபில் சேரப்போகிறோம் என்று பெருமைப்படுங்கள்.

கருவி செய்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகெங்கும் ஆய்வகங்கள் ஒரே ஒழுங்கில் மூளைத் தரவைச் சேமிக்கும் பிட்ஸ் என்ற வடிவமும், தரவைச் சீராக்கும் எஃப்எம்ஆர்ஐ-பிரெப் என்ற மென்பொருளும் பெருமளவுக்கு இளநிலை ஆய்வாளர்கள் கட்டியெழுப்பியவை. அவர்களுக்கு அந்த நேரத்தை ஒரு ஆய்வகம் கொடுத்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உங்கள் ஸ்கிரிப்டை வைத்து நான்கு பேர் கட்டுரை எழுதுவார்கள். ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயர் எங்கே என்று கேட்கத் தயங்குவீர்கள். போய்ச் சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் இந்த விஷயத்தில் வாய் திறக்காமல் இழந்தது அதிகம்.

இனி எந்திரத்துக்குள் படுத்திருப்பவர். தரவுக் கோப்பில் அவருக்கு ஓர் எண் மட்டும்தான். நம் ஊரில் ஓர் அம்மாவை ஸ்கேனுக்கு அழைத்து வந்தால் தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல வேண்டும். தாலியைக் கழற்றுவது அவருக்கு எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவர், இதையெல்லாம் எடுத்துவிட்டு வாங்க என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால், உள்ளே போகும் மூளை வேறு மூளையாகிவிடும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருவார்கள். இ.இ.ஜி. எடுப்பதென்றால், முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரும்படி சொல்ல வேண்டும். எண்ணெய் இருந்தால் மின்முனை பிடிக்காது. இவையெல்லாம் உதவியாளர் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவரின் மூச்சும் தலையசைவும் உங்கள் வரைபடத்தில் வந்து நிற்கும். அதைவிட முக்கியம், அவர் தன் ஒரு மணி நேரத்தை நமக்குத் தருகிறார். பெரும்பாலும் அதனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

யார் அந்த எந்திரத்துக்குள் போகிறார்கள், யார் போவதில்லை என்பதும் அறிவியல்தான். இ.இ.ஜி. தொப்பியின் மின்முனைகள் அடர்ந்த சுருள்முடியில் சரியாகப் படியாது. அதனால் கறுப்பின மக்களின் தரவு பல ஆய்வுகளில் கழிக்கப்பட்டு வந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவியாக இருந்த அர்னெல் எட்டியென், தலையோடு ஒட்டிப் பின்னும் சடைகளுக்கு நடுவே பொருந்தும் கிளிப்புகளை உருவாக்கினார். தொப்பி வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் வேறு யாருக்கும் அது அவசரமாகத் தோன்றவில்லை. நம் பக்கமும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்தைக் கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள் மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வு, கற்றல் மூளையின் மேற்பரப்போடு நிற்காமல் தாலமஸ் வரை ஆழத்திலும் மாற்றம் செய்கிறது என்றது. பல்கலைக்கழக மாணவர்களை மட்டுமே படமெடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க முடியாது.

எத்தனை பேரைப் படமெடுக்க வேண்டும் என்ற சண்டையில் நீங்கள் கட்டாயம் சிக்குவீர்கள். ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை, அறிவுத்திறன் மதிப்பெண்ணையோ மனநலத்தையோ, மூளைப் படத்தோடு இணைத்துச் சொல்ல வேண்டுமானால் ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022இல் ஸ்காட் மாரெக்கும் குழுவினரும் ஏறக்குறைய 50,000 பேரின் தரவை வைத்துக் காட்டினார்கள். சிறிய ஆய்வகங்கள் அதைக் கேட்டுச் சோர்ந்துபோயின. சோர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மாரெக்கின் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில்தான் பத்தே பேரை, ஒவ்வொருவரையும் பல மணி நேரம் படமெடுத்த ‘மிட்நைட் ஸ்கேன் கிளப்’ நடந்தது. நள்ளிரவில் எந்திரக் கட்டணம் குறைவு என்பதால் அந்த நேரத்தில் கூடினார்கள்; பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நிக்கோ டோசன்பாக், பிறகு தன் வலது கைக்கே இரண்டு வாரம் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு தினமும் படமெடுத்துக்கொண்டார். மொத்தம் மூன்று பேர் அப்படிச் செய்தார்கள். பயன்படாத கையின் மூளைப் பகுதி சில நாள்களிலேயே மற்றப் பகுதியிலிருந்து விலகத் தொடங்கியதை 2020இல் வெளியிட்டார்கள். இப்படி ஒவ்வொருவரையும் ஆழமாகப் பார்த்த தரவுகளிலிருந்துதான், பாடப்புத்தகங்களில் பென்ஃபீல்டின் பெயரோடு நாம் வரைந்து பழகிய இயக்கப் பட்டையில், கால், கை, வாய்ப் பகுதிகளுக்கு நடுவே வேறொரு வலையமைப்பும் இருக்கிறது என்று 2023இல் எவன் கார்டனால் சொல்ல முடிந்தது. மூன்று பேருக்கும் ஐம்பதாயிரம் பேருக்கும் இரண்டு வேறு கேள்விகள். இருபது பேரை வைத்துக்கொண்டு ஐம்பதாயிரம் பேருக்கான கேள்வியைக் கேட்கும் திட்டத்தில் மட்டும் சேராதீர்கள்.

இத்தனை கவனம் எதற்கு என்று சோர்வு வரும் நாளில் ஏட்ரியன் ஓவனின் ஆய்வுகளை எடுத்துப் படியுங்கள். விபத்துக்குப் பின் எந்தத் துலங்கலும் காட்டாத 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதுபோல் கற்பனை செய்யுங்கள், வீட்டுக்குள் நடப்பதுபோல் கற்பனை செய்யுங்கள் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களுக்கு எங்கே மாறுமோ அங்கேயே அவருக்கும் மாறியது. 2006இல் அது வெளிவந்ததும், சொல்லைக் கேட்டதால் தானாக எழுந்த அலையாக இருக்கலாமே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி ஆய்வை வளர்த்தது. 2010இல் 54 நோயாளிகளில் ஐந்து பேர் சொன்னபடி மூளைச் செயல்பாட்டை மாற்றினார்கள். ஒருவர் ஆம், இல்லை என்று பதிலே சொன்னார். 2024இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், படுக்கையருகே கட்டளைக்குப் பதில் காட்டாத 241 பேரில் 60 பேர் எஃப்.எம்.ஆர்.ஐ. அல்லது இ.இ.ஜி.யில் பதில் காட்டினார்கள். நான்கில் ஒருவர்.

அதே ஆய்வின் இன்னோர் எண்ணைத்தான் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். படுக்கையருகே கட்டளையைக் கேட்டுச் செய்ய முடிந்த, விழிப்புணர்வு இருப்பது உறுதியாகத் தெரிந்த 112 பேரில் 43 பேர்தான் படத்தில் பதில் காட்டினார்கள். மீதி 69 பேருக்கு உணர்வு இருக்கிறது, படத்தில் இல்லை. ஆகவே, படத்தில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து, உள்ளே யாரும் இல்லை என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. நாளை அந்த வார்டில் கணினிமுன் உட்காரப் போகிறவர் நீங்கள். தவறவிடும் விகிதம் எவ்வளவு என்று தெரியாத கருவியின் முடிவை மருத்துவரிடம் நீட்ட மறுக்கும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

பணத்தையும் காலத்தையும் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. இந்தியாவில் 2023 ஜனவரி முதல் ஆய்வு இணையாளர் (ரிசர்ச் அசோசியேட்) நிலையின் முதல் படிக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் என்று அறிவியல் தொழில்நுட்பத் துறை நிர்ணயித்தது. தொகை பரவாயில்லை, மாதக்கணக்கில் வராமல் போவதுதான் சிக்கல். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 2024இல் புதிதாகச் சேரும் போஸ்ட்டாக்கின் ஆண்டு உதவித்தொகையை 61,008 டாலராக்கியது. அதன் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது 70,000. ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் பின் பொதுவாக ஆறு ஆண்டுகள்தான் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்குள் நிலையான வேலை கிடைக்காவிட்டால் வழி அடைபட்டுவிடும். 2021இல் அங்கே இளம் ஆய்வாளர்கள் இதை எதிர்த்து ஒருமித்துக் குரல் எழுப்பினார்கள்.

இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வருகிறவரிடம் மெதுவாக, சரிபார்த்து வேலை செய்யச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். எந்திர நேரம் கிடைக்கவே நான்கு மாதம், அறநெறிக் குழுவின் அனுமதிக்கு இன்னும் சில மாதம் என்று போனால், விசா முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது வேண்டுமே என்ற பயம் வரும். அந்தப் பயம்தான் பத்துவிதப் பகுப்பாய்வு செய்து அழகாக வந்த ஒன்றை எடுத்து எழுத வைக்கிறது. அதை உங்கள் மன உறுதியால் மட்டும் வெல்ல முடியாது. ஆகவே, ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் கேளுங்கள். முதல் ஆண்டில் ஏற்கெனவே எடுத்து வைத்த தரவோ பொதுத் தரவோ வைத்து வேலை செய்ய முடியுமா என்று கேளுங்கள். தரவு எடுக்கும் முன்பே கேள்வியையும் முறையையும் இதழுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கும் ‘ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்’ முறையை அந்த ஆய்வகம் ஏற்குமா என்று கேளுங்கள். 2013இல் கார்டெக்ஸ் இதழ் தொடங்கிவைத்த அந்த வழியில், ஒன்றும் கிடைக்காத முடிவும் கட்டுரையாகும், உங்கள் ஆண்டுகளும் வீணாகாது.

வெளிநாடு போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட ‘தரணி’, கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வெட்டுப்பகுதிகளாகச் செல் அளவில் படமாக்கி உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. உயிருள்ளவரின் மூளையைப் பார்க்கும் நம் வேலையிலிருந்து அது வேறுபட்டது என்றாலும், மூலப் படத்தை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள நல்ல இடம்.

வேலை உறுதி என்று கடிதம் வந்ததும் மகிழ்ச்சியில் உடனே ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். அந்த ஆய்வகத்திலிருந்து கடைசியாக விலகிப் போன போஸ்ட்டாக் யார் என்று கண்டுபிடித்து, அரை மணி நேரம் பேசக் கேளுங்கள். எதிர்பார்த்த முடிவு வராதபோது தலைவர் என்ன சொன்னார் என்ற ஒரு கேள்வியை அவரிடம் கட்டாயம் கேட்டுவிடுங்கள். பதிலைக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
இத்துறையில் உங்களுக்கு மூத்தவள்